கண்டக்குழிக்குப் போன இரும்புப் பெட்டி

நம் நகைக்கடைக்குப் புதிதாக ஆறு பெட்டி வாங்கப் போகிறீர்களாம். தொலைபேசி எடுத்து, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "நானா, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். என் முழங்கால் இரண்டும் என்னோடு கோபம், அதனால் வரமுடியவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களை மகளின் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பெண் பார்க்கிற மாதிரி நாலு பக்கமும் திருப்பித் திருப்பி எடுத்திருக்கிறீர்கள்.

சிவப்புப் பெட்டி வேண்டாம். பஸ்சில் நாற்பது பேர் நடுவில் அது 'எனக்குள்ளே பவுண் இருக்கிறது' என்று கூப்பாடு போடும். தச்சு ஆசாரியின் ஆயுதப்பெட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். மூடிப் பிணைச்சல் வெளியே தெரிகிற பெட்டியை எடுக்காதீர்கள், ஒரு திருப்புளி போதும் அதைக் கழற்ற. ஆசனக் காலோடு சுற்றிப் பூட்டுகிற கம்பி வடம் சுண்டுவிரல் மொத்தத்துக்காவது இருக்கட்டும். உள்ளே இரண்டு தட்டு இருக்கவேண்டும், நகை ஒன்றில், துவக்கு ஒன்றில். தோட்டா பெட்டிக்குள் வரவே கூடாது. அது உங்கள் இடுப்பில், தனிப் பையில்.

இவ்வளவையும் பெட்டி விற்கிறவனே சொல்லுவான். அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற மனுசனுக்கு இனி வெட்கம் எதற்கு, சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் என்னைக் கண்டிருக்க மாட்டீர்கள். புத்தளம் டவுன் கடையில் நான் காவலுக்கு இருந்தவன். கலியாண நகையை நிகாஹுக்கு முதல் நாள் பெண் வீட்டுக்கே கொண்டுபோய், அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்க்க விரித்துக் காட்டி ஒப்படைப்பது எங்கள் கடையின் வழக்கம். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் அப்படிப் போயிருக்கிறோம். நகைக்குச் சிவா பொறுப்பு, சிவாவுக்கும் நகைக்கும் நான் பொறுப்பு. சிவா முன்னேஸ்வரத்துப் பிள்ளை. அப்போது முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது. கடையின் பெயரில் லைசன்ஸ் எடுத்த ஒரு ரிவோல்வர் துவக்கு இருந்தது. அதை வைத்திருக்க அனுமதி பெற்றவன் நான் ஒருத்தன்தான்.

போர் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு பழைய பெட்டியும் அதன் பூட்டுக்கு இரண்டு திறப்புமாகக் காலம் போனது. ஒருநாள் நான் திறப்பை வீட்டில் விட்டுவிட்டு நுரைச்சோலை வரைக்கும் போய்த் திரும்பினேன்.  அடுத்த வாரம் முதலாளி என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், "உனக்கு விருப்பமானத எடு" என்றார்.

நான் எடுத்தது இலக்கப் பூட்டுப் பெட்டி. நான்கு சில்லு, ஒவ்வொன்றிலும் சைபரிலிருந்து ஒன்பது வரை. திறப்பே இல்லை, ஆகவே தொலைக்கவும் முடியாது. கடைக்காரப் பையன், பிறந்த நாள் போடவேண்டாம், டெலிபோன் இலக்கம் போடவேண்டாம் என்று பாடம் எடுத்தான். என்னை என்ன மடையன் என்றா நினைத்தாய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். யாருக்கும் தோன்றாத, ஆனால் நான் மவுத்தாகும் வரைக்கும் மறக்காத ஓர் இலக்கத்தைப் போட்டேன். முதலாளியிடமும் சொல்லவில்லை, சிவாவிடமும் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

இன்னொன்றையும் இப்போதே ஒத்துக்கொள்கிறேன். துவக்கையும் தோட்டாவையும் பிரித்து வைக்கச் சொல்லித்தான் எனக்குப் பயிற்சி தந்தார்கள். நான் பிரிக்கவில்லை. ஆபத்து வந்தால் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்குமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, ஆறையும் போட்டபடியே ஒரு துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பேன். பயந்த ஆள் நான். பயம் எனக்குச் சொன்ன புத்தி அது.

அன்றைக்குப் போனது கண்டக்குழிக்கு. இரண்டு படகு வைத்திருந்த ஒருவரின் மகளுக்குக் கலியாணம். கடற்கரைக்கு முந்நூறு அடி தள்ளி வீடு. முற்றத்தில் கிடுகுப் பந்தல், பின்வளவில் மூன்று அடுப்பில் கிடாரம் ஏற்றிச் சொந்தக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு ஆகிக்கொண்டிருந்தது. கச்சான் காற்று மணலை வாரி இறைத்தது. எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். வேனை நிறுத்தியதும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சக்கரத்தைச் சுற்றி நின்றார்கள்.

சிவா நகையை ஒப்படைத்து முடிக்கப் பதினொரு மணி தாண்டிவிட்டது. பெட்டிக்குள் இப்போது துவக்கு மட்டும். கலியாண வீட்டுக்குள் துவக்கை இடுப்பில் செருகிக்கொண்டு திரிய முடியுமா? முதலாளியும் அதை விரும்புவதில்லை. எங்களுக்கு இருக்கத் தந்த பக்கத்து அறையில், இரும்புக் கட்டிலின் காலோடு வடத்தைச் சுற்றிப் பூட்டி, சில்லு நான்கையும் சைபருக்குத் திருப்பி வைத்தேன்.

மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னது. பெண்ணின் வாப்பா தோளில் கை போட்டார். "வாங்க நானா, ஜமாஅத்தோட தொழுதிட்டு வந்து சாப்புடுவம்." விருந்துக்குப் போன வீட்டில் அதற்கு மறுப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. பள்ளிக்குள் துவக்கோடு போகவும் முடியாது. "சிவா, நீ அறை வாசல்லயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சிவா இருந்தான்தான். ஆனால் தொழுகைக்குப் போகாத விருந்தாளியை வெறும் வயிற்றோடு வாசலில் உட்கார்த்தி வைக்க அந்த வீட்டாருக்கு மனம் வருமா? பந்தலுக்குள் கதிரை போட்டு, வட்டிலப்பமும் தேத்தண்ணியும் கொடுத்து, கதைக்க ஓர் ஆளையும் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் அறை வாசல் தெரியாது.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தேன். பெட்டி கட்டிலடியில் வைத்தபடியே இருந்தது. வடம் அறுபடவில்லை. குனிந்து பார்த்தேன். சில்லுகள் நான் வைத்துவிட்டுப் போனபடி இல்லை. என் இலக்கத்தில் நின்றன.

அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை எழுத முடியுமா என்று தெரியவில்லை.  மூடியைத் தூக்கினேன். துவாயும் இல்லை, துவக்கும் இல்லை. அவை இருந்த இடத்தில் சின்னதாய், மடித்த ஒரு பழைய துணிப் பொட்டலம் கிடந்தது. அது என்ன என்று பார்க்கும் நிதானம்கூட எனக்கு இல்லை. வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. ஆறு தோட்டா போட்ட துவக்கு அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ இருந்தது.

முதலில் என் சந்தேகம் போனது சிவா மேல். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து இலக்கத்தைப் பிடித்திருப்பானோ? அவனை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, "எங்க வச்ச?" என்று கேட்டேன். வாயில் வட்டிலப்பத்தோடு நின்றவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப் போனது. "நானா, எங்கம்மா மேல சத்தியமா எனக்குத் தெரியாது. என்னயவா கேக்குறீங்க?" என்றான். 

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். வெளியே ஓடிப்போய், கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன். "ஆரு இந்த அறைக்குள்ள போனது? ஆரு போனது?"

அவ்வளவு இரைச்சல் இருந்த வீடு அப்படியே அடங்கியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பெண்ணின் வாப்பா தொப்பியைக் கையில் எடுத்தபடி வந்தார். அவருடைய சொந்தக்காரர் நாலு பேர் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"என்ன காணாமப் போச்சு?"

 "ஒரு சாமான்" என்றேன்.

"நகை எல்லாம் நாங்க எண்ணி எடுத்தாச்சே. வேற என்ன சாமான்? எங்கட ஊட்டக் கள்ளன் ஊடு எண்டு சொல்ல வாறீங்களா?"

 நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிற வீடு. இந்தக் கதை பந்தலைத் தாண்டினால் அந்தப் பெண்ணின் கலியாணம் என்ன ஆகும் என்று அவர் பயந்தார். நான் ஒரு பயத்தில் கத்தி, நூறு பேருக்குப் பயத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். பயந்த வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதை, பிள்ளைகளே, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் நல்லவராக இருந்தாலும் இனிச் சொல்ல மாட்டார்.

சிவா என் சட்டையைப் பிடித்து அறைக்குள் இழுத்தான். "நானா, வேன்ல ஏறுவம். முதலாளிக்கு டெலிபோன் கோல் ஒண்டு குடுப்பம். வழியில எங்கயோ உழுந்திட்டு எண்டு சொல்லுவம். பொலிஸ் வந்து தேடட்டும்."

ஆசையாகத்தான் இருந்தது. என் வேலை, லைசன்ஸ், மறியல்சாலைக் கம்பி, எல்லாம் கண்ணுக்குள் வந்தன. பொலிசுக்குச் சொல்லத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கற்பிட்டியிலிருந்து ஜீப் வந்து சேர்வதற்கு இடையில் ஒரு பிள்ளை அந்தத் துவாயைப் பிரித்துப் பார்த்தால்? ஜீப்பைக் கண்ட பயத்தில் யாராவது அதை அவசரமாக எங்காவது வீசினால்? கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கை தானாகப் பெட்டிக்குள் போய் அந்தப் பொட்டலத்தை எடுத்தது.

அது ஒரு கைக்குழந்தையின் தொப்பி. வெளுத்துப்போன நீலம். உள்பக்கம் இன்னொரு துணி வைத்து, பொடித் தையலாக இரட்டையாய்த் தைத்து, ஓர் ஓரத்தை மட்டும் பிரித்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு சோடி தோடு.

கள்ளன் பவுண் வைத்துவிட்டுத் துவக்கு எடுப்பானா? அந்தத் தையலைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியொரு தையலை நான் கண்டிருக்கிறேன். என் மனைவி என் மூத்த பிள்ளையின் தலையணைக்குள் தைத்தாள். எங்களுடையது அகப்பட்டுப்போனது.

நான் மன்னார்த்தீவு ஆள். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று ஆயுதக்காரர் சொன்னபோது, வழியில் பெண்களின் காதுக்கும் கழுத்துக்கும் கை நீட்டினார்கள். தப்பிய பவுண் இப்படிப் பிள்ளைகளின் துணிக்குள் வந்ததுதான். நான் பெட்டிக்குப் போட்ட இலக்கம் ஒன்று, ஒன்பது, ஒன்பது, சைபர். யாருக்கும் தோன்றாத இலக்கம் என்று நினைத்தேன். புத்தளத்தில் அப்படி வந்த எங்கள் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம்! அத்தனை பேருக்கும் வேறு எந்த இலக்கம் தோன்றும்?

எழுந்து வெளியே வந்தேன். இம்முறை கத்தவில்லை. பெண்ணின் வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"நானா, காணாமப் போனது துவக்கு. அதுக்குள்ள ஆறு தோட்டா இரிக்கு. பிழை முழுக்க என்ட. முதல்ல பிள்ளையள் எல்லாத்தையும் கடக்கரப் பக்கம் அனுப்புங்க. காரணம் சொல்ல வேணாம்."

 அவர் உடனே திரும்பி, கரைவலை இழுக்கிறார்களாம், பிள்ளைகள் எல்லாம் போய்ப் பாருங்கள் என்று உரக்கச் சொன்னார். வளவு காலியானது. நான் தொப்பியைக் காட்டினேன்.

"இது ஆருட எண்டு தெரியுமா?"

அவர் அதை வாங்கவில்லை. தொட்டு மட்டும் பார்த்தார். "என்ட மகள்ட" என்றார். "நாளைக்கு நிகாஹ் முடிக்கிற பிள்ளைட. அப்ப அவளுக்கு மூணு மாசம்."

அவர் மனைவி பெண்ணோடு உள்ளறையில் இருந்தார். சாத்திய கதவுக்கு வெளியே நான் தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும் என்று தோன்றியது. 

"ராத்தா, நானும் அப்ப வந்த ஆள்தான். எருக்கலம்பிட்டி. நம்பர் எப்படித் தெரிஞ்சது எண்டு நான் கேக்க மாட்டன். உங்கட தோடு இந்தா இரிக்கு, வாங்கிக்கங்க. துவக்கு எங்க இரிக்கு எண்டு மட்டும் சொல்லுங்க. ஆரும் உங்களுக்கு ஏச மாட்டாங்க."

 கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு குரல் வந்தது.

"பின்வளவுல. பொச்சுமட்டைக்குள்ள."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. பின்வளவில் மூன்று அடுப்பு எரிகிறது. எரிப்பது அந்தத் தேங்காய்ப் பொச்சுமட்டையைத்தான்.

ஓடினேன். முழங்கால் நன்றாக இருந்த காலம். மதிலோரம் பொச்சுமட்டைக் குவியல் இருந்ததாக வரும்போது கண்டிருந்தேன். இப்போது அங்கே வெறும் மணல். காற்று அள்ளிக்கொண்டு போகிறது என்று சமையல்காரர் எல்லாவற்றையும் கூடையில் வாரி அடுப்படிக்குக் கொண்டுபோயிருந்தார். இரண்டு கிடாரத்தின் கீழே நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. "நெருப்ப இழுங்க! வெளிய இழுங்க!" என்று நான் கத்திய கத்தில் அவருடைய ஆள் ஒருவன் அகப்பையோடு ஓடியே போனான்.

சமையல்காரர் ஓடவில்லை. கற்பிட்டிக்காரர், பருத்த ஆள், மூன்றாவது அடுப்புக்கு முன்னால் குந்தி இருந்தார். காற்றில் அந்த அடுப்பு மட்டும் பிடிக்காமல் அவரைப் படுத்தியிருந்தது. வலக்கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். இடக்கையில் என் துவாய்ப் பொட்டலம். அதன் மேல் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன நானா, கூப்பாடு? சோறு அரை வேக்காட்டுல நிக்கிது" என்றார். பிறகு இடக்கையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இது என்ன, கந்தல்துணி இந்தப் பாரம் பாரிக்கிது?"

எனக்கு அவரிடம் போய்ச் சேர இன்னும் ஆறேழு அடி இருந்தது. பாய்ந்து பறிக்கலாம் என்று உடம்பு சொன்னது. பாய்ந்தால் அவர் திடுக்கிட்டு நழுவவிடுவார். அடுப்புக்குள் ஏற்கெனவே கங்கு கிடந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் நான் செய்யவில்லை.

"நானா, அது என்ட சாமான். எறிய வேணாம். மெதுவா உங்கட காலடியில வச்சிருங்க. போத்தலையும் வச்சிருங்க. வச்சிட்டு எழும்பி என்னட்ட வாங்க. உங்களுக்கு ஒண்டு சொல்லணும்."

என் முகத்தில் எதைக் கண்டாரோ, மறுபேச்சில்லாமல் வைத்தார். எழுந்து வந்தார். அவர் என்னைத் தாண்டிய பிறகுதான் நான் போனேன். துவாய் எண்ணெயில் ஊறி விரலோடு ஒட்டியது. பிரித்து, உருளையைச் சாய்த்து, தோட்டாக்களை மணலில் கொட்டினேன். ஐந்துதான் விழுந்தது. ஆறாவது உள்ளேயே நின்றதை நான் காணவில்லை. பின்னால் நின்ற சிவாதான் காட்டினான்.

நான் அங்கேயே அழுதேன். ஐம்பது வயது தாண்டிய காவல்காரன், சமையல்காரருக்கு முன்னால், மணலில் இருந்து அழுதேன். அவர் விசயத்தை விளங்கிக்கொண்டதும் தன் இடக்கையை உடுத்திருந்த சாரத்தில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

காதுத் தோட்டைக் கொடுக்க உள்ளே போனேன். பெண்ணின் உம்மா இப்போது கதவைத் திறந்து நிலையைப் பிடித்தபடி நின்றார். வீடு நிறையச் சனம், அலுமாரித் திறப்பு மகளிடம், தோட்டை நாளைக்குத்தான் மகளின் காதில் போட இருந்தாராம். எங்கள் பெட்டியைக் கண்டதும், கொஞ்ச நேரம் அதற்குள் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். வீட்டு அலுமாரிக்குள் இருக்கிற சின்னப் பெட்டிக்கும் அதே நாலு இலக்கம்தானாம். அதனால் கை பழக்கத்தில் சுற்றியிருக்கிறது. திறந்துவிட்டது. தோட்டை வைக்க இடம் பார்த்துத் துவாயைத் தூக்கியிருக்கிறார்.

"அத ஏன் ராத்தா வெளிய கொண்டு போனீங்க? அங்கயே வச்சு மூடியிருக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடவா உனக்குத் தெரியாது என்ற கோபம் இருந்தது.

"ஊட்டுக்குள்ள துவக்கு கண்டா, வெளியேறுங்க எண்டுதான் சொல்லுவாங்க. நாளைக்கு என்ட புள்ளைக்கு நிகாஹ். அவளயும் தூக்கிக்கிட்டு இன்னொருக்கா வெளிக்கிட என்னால ஏலாது தம்பி."

யார் சொல்வார்கள், போர்தான் முடிந்துவிட்டதே என்று நான் கேட்கவில்லை. தோட்டைத் தொப்பியோடு அவர் கையில் வைத்தேன். ஒரு கிடாரச் சோறு அடிப்பிடித்தது. சிவாவும் நானும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். சாப்பிடாமல் எழுந்தால் அந்த வீட்டார் இன்னும் பயந்திருப்பார்கள்.

அன்று பின்னேரமே முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மறுநாள் அவரோடு பொலிசுக்கும் போய்ச் சொன்னேன். என் அனுமதி போனது. துவக்கைத் திருப்பிக் கொடுத்தோம், பிறகு நான் இருந்த வரைக்கும் கடை துவக்கே வைக்கவில்லை, இப்போது நீங்கள் மறுபடி எடுத்திருக்கிறீர்கள் என்று கேள்வி. அதன் பின் ஒன்பது வருடம் வெறுங்கையோடு பெட்டி காத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒன்பது வருடமும் நிம்மதியாக நித்திரை கொண்டேன். பெட்டியைச் சுமக்கிறவருக்கு இலக்கம் தெரியக்கூடாது, இலக்கம் தெரிந்தவர் பெட்டியைத் தூக்கக்கூடாது என்று உங்கள் கடையில் ஒரு சட்டம் இருக்கிறதல்லவா, புதிதாக வந்தவர்கள் முறுமுறுக்கிறீர்களாம். அந்தச் சட்டத்தை முதலாளி போடவில்லை. அன்றைக்குக் கண்டக்குழியில் வேனுக்குள் இருந்து நான் போட்டது.

வீட்டாரிடம் விடைபெற்று வேனில் ஏறியதும் சிவா சொன்னான், "முதல்ல அந்த நம்பர மாத்துங்க நானா."

பெட்டியை மடியில் வைத்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சில்லைச் சுற்றினால் புது இலக்கம் ஏறிவிடும். அழுத்தினேன். என்ன போடுவது? மகள் பிறந்த வருடத்தை நினைத்தேன், அவள் பிறந்த அகதி முகாமின் கிடுகுக் கூரை வந்தது. கலியாணம் முடித்த வருடத்தை நினைத்தேன், அந்த வீட்டைப் பூட்டாமல் வந்தது ஞாபகம் வந்தது. வீட்டு இலக்கம் போடலாம் என்றால், எந்த வீடு? சில்லைச் சுற்றச் சுற்ற விரல் அதே நாலு இடத்தில் போய் நின்றது. வேறு ஓர் இலக்கமும் எனக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் அந்த ஒன்றோடுதான் இருந்திருக்கிறேன் என்பது அந்த வேனுக்குள்தான் எனக்குத் தெரிந்தது.

"இந்தா, நீயே போடு" என்று பெட்டியைச் சிவாவிடம் தள்ளினேன். "எனக்குச் சொல்லாத."

நான் அவனைச் சந்தேகப்பட்டு இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை. ஏதோ ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி நாலு சில்லையும் சுற்றினான், மூடினான், "சரி நானா, போவம்" என்றான்.

ஒரு மனுசனுக்கு அவ்வளவு இலேசாக ஓர் இலக்கம் வருமா என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.